உப்புக்கும் பொன்னுக்கும் நடுவே

1591 மார்ச்சில் மொராக்கோ சுல்தானின் தளபதி ஜூதர் பாஷா காவோ நகருக்குள் நுழைந்தபோது எதிர்க்க ஆளில்லை. தோந்திபியில் நடந்த சண்டையில் சோங்காய்ப் படை சிதறிப் போயிருந்தது. நகரத்தார் கைக்கு அகப்பட்டதைப் படகில் ஏற்றிக்கொண்டு நைஜர் ஆற்றின் அக்கரைக்குப் போய்விட்டார்கள். ஜூதர் வந்த வழி எளிய வழியல்ல. முந்தைய ஆண்டு அக்டோபரில் மராகேஷிலிருந்து ஏறத்தாழ 4000 வீரர்களோடும் அதைப் போல் இரு மடங்கு ஒட்டகங்களோடும் புறப்பட்டு, சஹாராவைக் குறுக்கே கடந்து, வழியெல்லாம் ஆட்களைச் சாகக்கொடுத்து வந்து சேர்ந்தவர். இத்தனை பாடும் பொன்னுக்காக. சோங்காய் அரசனின் மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சுல்தானுக்குக் கடிதம் எழுதினார். நம்மூர்க் கழுதைக்காரர்களின் தலைவன் குடியிருக்கும் வீடு இந்த ராஜாவின் அரண்மனையைவிட மேல் என்பது அதன் சாரம்.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த முறை வரவில்லை. இருநூறு வருடங்களுக்கு மேலாக ஐரோப்பாவும் அரபு உலகமும் பொன் விளையும் பூமி என்று பேசிக்கொண்டிருந்த தேசம் அது. 1375இல் மயோர்க்காத் தீவில் வரையப்பட்ட உலகப்படத்தில், சஹாராவுக்குத் தெற்கே ஒரு கறுப்பு அரசர் கையில் பொன்னுருண்டையோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்தை நம்பியவர்களில் யாரும் அந்த உருண்டை எங்கிருந்து அவர் கைக்கு வந்தது, எங்கே போகப்போகிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஜூதருக்கு அந்தக் கேள்வி காவோவின் காலித் தெருக்களில் நின்றபோது வந்திருக்க வேண்டும். பொன் எங்கே?

பொன் அங்கே இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

*

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, மாலி, சோங்காய் என்று மூன்று பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கானா என்றதும் இன்றைய கானா நாட்டை நினைத்துவிடக் கூடாது. 1957இல் விடுதலை பெற்றபோது பழம்பெருமைக்காக அந்தப் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். பழைய கானா அதற்கு வடமேற்கே வெகுதூரத்தில், இன்றைய மௌரித்தானியாவின் தெற்கிலும் மாலியின் மேற்கிலும் இருந்தது. சொனின்கே மக்கள் அதை வகாது என்பார்கள்.

மூன்றுக்கும் வாழ்வாதாரம் ஒன்றே. வடக்கே சஹாராவின் நடுவில் உப்பு இருந்தது. தெற்கே செனகல், நைஜர் ஆறுகளின் மேற்பகுதியில் பம்பூக், பூரே என்னும் இடங்களில் பொன் இருந்தது. உப்பு இருந்த இடத்தில் புல்கூட முளைக்காது. பொன் இருந்த இடத்தில் வெயிலில் வேர்த்துக்கொட்டும் மனிதருக்கும் மாட்டுக்கும் போதிய உப்பு கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் நாக்குருசிக்குச் சொல்கிறோம். அங்கே அது உயிர்க்கணக்கு. இரண்டுக்கும் நடுவே, மணல் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு நீண்ட விளிம்பு. அரபு மொழியில் அதற்குச் சாஹில் என்று பெயர். கரை என்று அர்த்தம். பாலையைக் கடலாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர். கடற்கரையில் துறைமுகங்கள் எழும்; அந்தக் கரையிலும் எழுந்தன. கும்பி சாலே, வலாத்தா, திம்புக்து, காவோ எல்லாம் ஒட்டகத்துறைகள்.

நிறைக்கு நிறை பொன் கொடுத்து உப்பு வாங்கினார்கள் என்று ஒரு கதை இன்றும் புத்தகம் புத்தகமாகத் தொடர்கிறது. 1352இல் நேரில் போய்ப் பார்த்த பயணி இப்னு பதூதாவின் கணக்கு வேறு. ஓர் ஒட்டகம் இரண்டு உப்புப் பாளம் சுமக்கும். அந்தச் சுமை வலாத்தாவில் எட்டு முதல் பத்து மித்கால் பொன்னுக்குப் போகும். மாலியின் தலைநகரில் இருபது, முப்பது, சில சமயம் நாற்பது. ஒரு மித்கால் நான்கேகால் கிராம் அளவில் என்று வைத்துக்கொண்டால் நாற்பது மித்கால் என்பது 170 கிராம். ஒட்டகம் திணறத் திணறத் தூக்கிவந்த சுமைக்கு ஒரு கைப்பிடிப் பொன். கதையைவிட இந்தக் கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வலாத்தாவுக்கும் தலைநகருக்கும் இடையில் உப்பின் குணம் மாறவில்லை. ஆனால் விலை மூன்று, நான்கு மடங்காகிவிட்டது. கூடியது வழியின் விலை.

அந்த வழிதான் பேரரசு.

*

கொர்தோபாவில் உட்கார்ந்துகொண்டே பயணிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதிய அல் பக்ரி, 1068இல் கானாவின் சுங்கத்தைப் பதிவு செய்கிறார். நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு கழுதைச்சுமை உப்புக்கும் ஒரு தினார். அதே உப்பு வெளியே போனால் இரண்டு தினார். வருகிறபோதும் வரி, போகிறபோதும் வரி. உப்பு கானாவில் வெட்டப்படவில்லை, அங்கேயே தின்று தீர்க்கப்படவும் இல்லை. கடந்து போனது. கடந்து போகிற ஒன்றின்மேல் கையை வைத்து எடுப்பதுதான் அந்த அரசின் தொழில்.

பொன்னுக்கும் அவரிடம் ஒரு விதி இருக்கிறது. சுரங்கத்தில் கட்டியாகக் கிடைத்தால் அரசனுக்கு. தூளாகக் கிடைத்தால் குடிகளுக்கு. பேராசை என்று தோன்றும். அல் பக்ரி சொல்லும் காரணம் வேறு. எல்லாப் பொன்னும் சந்தைக்கு வந்துவிட்டால் அதற்கு மதிப்பு இல்லாமல் போய்விடும். இன்றைக்கு மைய வங்கிகள் செய்கிற வேலையை, நாய்களுக்குப் பொன்னிலும் வெள்ளியிலும் பட்டை கட்டி வைத்திருந்த அந்த அரசன் செய்துகொண்டிருந்தான்.

இந்தப் பாடத்தை மறந்ததற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு மாலியின் மான்சா மூசா. 1324இல் ஹஜ்ஜுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் இறைத்த பொன்னால் அங்கே பொன்விலையே இறங்கிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அங்கே வந்து விசாரித்த அல் உமரி, ஒரு மித்கால் இருபத்தைந்து திர்ஹத்துக்குக் குறையாமல் விற்றது, இப்போது இருபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை என்று எழுதுகிறார். திரும்பும்போது மூசாவின் கையில் காசில்லை. கெய்ரோ வணிகர்களிடம் கடும் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் ஊர் சேர்ந்தார். இன்று இணையத்தில் வரலாற்றின் மகாகோடீசுவரன் என்று அவரைப் போட்டுப் பட்டியலிடுகிறார்கள். கடனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

மூசா கெய்ரோவில் சொன்னதாக அல் உமரி எழுதிவைத்த இன்னொரு செய்தி எனக்கு அந்தப் பொன்மழையைவிடப் பெரிது. பொன் எடுக்கும் ஊர்களை ஏன் நீங்கள் வென்று சேர்த்துக்கொள்ளவில்லை என்ற பேச்சு வருகிறது. வென்று பார்த்திருக்கிறோம், என்கிறார். எங்கள் ஆட்சி அங்கே போய், பாங்கொலி கேட்கத் தொடங்கியதும் பொன் குறைந்துவிடுகிறது. பக்கத்து ஊரில் கூடுகிறது. அதனால் அவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிட்டோம்.

உலகத்தின் பெரும் பொன்வளத்துக்கு உடைமையாளர் என்று அந்த மயோர்க்கா உலகப்படத்தில் வரையப்பட்டவர் தன் வாயால் சொன்னது இது. அதற்குள் புதிரோ மாயமோ தேட வேண்டியதில்லை. பொன் அரிப்பது மழைக்காலப் பயிர் வேலைக்கு இடையில் குடும்பம் குடும்பமாகச் செய்கிற காரியம். மேலே ஓர் அதிகாரி வந்து நின்றால் குழியை மூடிவிட்டு அடுத்த ஆற்றோரம் போய்விடலாம். வாளால் பிடிக்க முடியாத சொத்து என்று ஒன்று உண்டு என்பதை மூசா அறிந்திருந்தார். ஜூதரின் சுல்தான் அறியவில்லை.

*

அப்படியானால் இந்தப் பேரரசுகள் எதை விற்றன? பயமில்லாமல் நடந்து போகிற உரிமையை.

இதற்குச் சாட்சி சொல்ல இப்னு பதூதாவைவிடத் தகுதியானவர் இல்லை. அவர் வழிப்பறிக்குப் பழகியவர். தில்லி சுல்தானின் தூதராகக் கிளம்பிய சில நாளிலேயே இன்றைய அலிகர் பக்கம் பிடிபட்டு உயிர் தப்பினார். 1340களில் மதுரை சுல்தானின் விருந்தாளியாக இருந்து, அந்நகரில் கொள்ளைநோய் ஆட்களை வாரிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, தமிழ்க் கடற்கரையில் கப்பலேறினார். கொல்லத்தில் தங்கி மேற்குக்கரையோடு வடக்கே போனபோது கடற்கொள்ளையர் மறித்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த கால்சட்டை மட்டும் மிச்சம். அந்த மனிதர் மாலியைப் பற்றிச் சொல்கிறார்: இங்கே வழிப்போக்கனுக்கும் பயமில்லை, குடியிருப்பவனுக்கும் பயமில்லை. வடக்கிலிருந்து வந்த அந்நியன் ஒருவன் இங்கே இறந்துபோனால், அவன் விட்டுச் சென்றது குவியல் குவியலாகப் பொருளாகவே இருந்தாலும், நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் வைக்கிறார்கள். உரிய வாரிசு வந்து வாங்கிப் போகும்வரை யாரும் தொடுவதில்லை.

அவர் முகஸ்துதிக்காரரும் அல்ல. அன்றைய மாலி அரசர் மான்சா சுலைமான் வரவேற்புப் பரிசு அனுப்புகிறார் என்றதும் பட்டாடையும் பணமும் வரும் என்று எழுந்து நின்றார். வந்தது மூன்று ரொட்டி, ஒரு துண்டு மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுக்கை தயிர். வாய்விட்டுச் சிரித்தேன் என்று எழுதுகிறார். அரசனைக் கஞ்சன் என்கிறார். அப்படிப்பட்டவர் நல்லது சொன்னால் நம்பலாம்.

செத்த அந்நியனின் மூட்டை பிரிக்கப்படாமல் காத்திருப்பதுதான் ஒரு பேரரசின் அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. உயரமான கோபுரமும் வெண்கலச் சிலையும் அதற்கு அடுத்தபடி. அந்த மூட்டை பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பாலையின் வடகரையிலிருந்த சிஜில்மாசாவின் வியாபாரி இரண்டு மாதப் பாலைக்கு அப்பால் சரக்கு அனுப்பினான். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு நம் கடலிலிருந்தே ஒரு சான்று உண்டு. பலகறை என்று பழைய தமிழ் சொல்லும் சோழி, மாலத்தீவில் கடலிலிருந்து அள்ளப்பட்டு, கைமாறிக் கைமாறி நைஜர்க் கரையில் காசாகப் புழங்கியது. மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதாவுக்கு இரு முனையின் விலையும் தெரியும். தீவில் ஒரு பொன் தினாருக்கு நாலு லட்சம் சோழி. மலிந்தால் பன்னிரண்டு லட்சம். மாலியிலும் காவோவிலும் அதே தினாருக்கு 1150. ஏறத்தாழ 350 மடங்கு. அந்தப் பெருக்கத்தில் ஒரு பங்கு தூரத்துக்கு, ஒரு பங்கு பேராசைக்கு, மீதி வழிநெடுக யாரோ காத்த வாக்குக்கு.

*

வாக்கின்மேல் நிற்கிற அரசு எப்படி விழுகிறது?

சொனின்கேக் கதைப்பாடகர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. வகாதுவைப் பீதா என்ற பாம்பு காத்தது. ஆண்டுக்கு ஒரு கன்னிப்பெண் காணிக்கை. பதிலுக்கு நாட்டில் பொன்மழை. ஓர் ஆண்டு காணிக்கைக்குக் குறிக்கப்பட்ட பெண்ணின் காதலன் பாம்பை வெட்டினான். வெட்டுண்ட தலை பூரேப் பக்கம் பறந்து விழுந்தது. பொன் அங்கே போயிற்று. வகாதுவில் மழை பொய்த்தது. மக்கள் சிதறினார்கள். வடக்கிலிருந்து வந்த அல்மொராவிதுகள் 1076இல் கானாவை வென்று அழித்தார்கள் என்று பாடநூல்களில் இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் இப்போது அதை ஏற்பதில்லை. கதைப்பாடகர்கள் படையெடுப்பைச் சொல்லவே இல்லை. வறட்சியையும், பொன்வழி இடம் மாறியதையும், ஒரு பழைய ஒப்பந்தம் முறிந்ததையும் சொல்கிறார்கள். ஆவணம் தேடுகிறவர்கள் இந்தக் கதையிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளலாம்.

மாலியும் அரண்மனைச் சண்டையில் தேய்ந்தது. 1433இல் திம்புக்து பாலைக் குடிகளான துவாரெக்குகள் கைக்குப் போனது. 1468இல் சோங்காயின் சுன்னி அலி அதைப் பிடித்தார். மூன்றிலும் பெரியதாக வளர்ந்தது சோங்காய். ஆனால் அது வளர்ந்துகொண்டிருந்தபோதே பொன் இன்னொரு வாசலைக் கண்டுபிடித்துவிட்டது. 1482இல் போர்த்துக்கீசியர் கினியா வளைகுடாக் கரையில் ஒரு கோட்டை கட்டி அதற்கு மினா, அதாவது சுரங்கம், என்று பெயர் வைத்தார்கள். அங்கே சுரங்கம் இல்லை. உள்நாட்டிலிருந்து வியாபாரிகள் கொண்டுவந்த பொன்னை எடைபோட்டு வாங்கும் இடம், அவ்வளவுதான். பாலைவழி அன்றே செத்துவிடவில்லை. இன்னும் நெடுங்காலம் ஓடியது. ஆனால் அதுவரை ஒரு கரை மட்டும் இருந்த தேசத்துக்கு இரண்டாவது கரை முளைத்துவிட்டது.

கடைசி அடி உப்பின்மேல்தான் விழுந்தது. 1580களில் மொராக்கோ சுல்தான் அஹ்மத் அல் மன்சூர், சஹாராவின் நடுவிலிருந்த உப்பூரான தகாஸாவின் உப்பைக் கேட்டார், ஆள் அனுப்பிப் பிடிக்கவும் பார்த்தார். சோங்காய் இன்னும் தெற்கே தவுதெனியில் புதிய உப்புத்தளம் திறந்துகொண்டது. உப்புவழி கைக்கு வராததும் சுல்தான் பொன்னையே பிடித்துவிடப் படை அனுப்பினார். தோந்திபியில் சோங்காய்ப் படை பல மடங்கு பெரியது. மொராக்கோவிடம் துப்பாக்கி இருந்தது. எதிரியின் அணியை மிதித்துச் சிதைக்கச் சோங்காய்கள் முன்னால் விரட்டிய மாட்டுமந்தை வெடிச்சத்தத்தில் மிரண்டு அவர்கள்மேலேயே திரும்பியது.

தோற்ற அரசர் இரண்டாம் இஷாக், படை திரும்பிப் போவதற்கு விலையாக ஒரு லட்சம் மித்கால் பொன்னும் ஆயிரம் அடிமைகளும் தருவதாகச் சொன்னார். வேறு வேலையில்லாத ஊரில் நோயில் விழுந்துகொண்டிருந்த படையை வைத்துக்கொண்டு ஜூதர் அதை ஏற்கலாம் என்றே நினைத்தார். சுல்தானுக்குக் கோபம். ஜூதரைத் தலைமையிலிருந்து இறக்கி வேறொருவரை அனுப்பினார். அடுத்து நடந்ததில்தான் சோங்காய் உண்மையில் அழிந்தது என்பேன். திம்புக்துவின் அறிஞர்களைச் சிறைபிடித்தார்கள். 1594இல் அஹ்மத் பாபா என்ற மார்க்க அறிஞர் சங்கிலியோடு மராகேஷுக்குக் கொண்டுபோகப்பட்டார். என் உறவினர்களிலேயே சிறிய நூலகம் என்னுடையதுதான், 1600 நூல்கள் பறிபோயின என்று அவர் சொன்னதாகப் பதிவிருக்கிறது. நூல்களுக்காக நாம் வருந்துகிறோம், சரி. ஆனால் அந்த மனிதர்கள் வெறும் படிப்பாளிகள் அல்லர். வியாபார ஒப்பந்தம் எழுதியவர்கள், வழக்குத் தீர்த்தவர்கள், பாகம் பிரித்தவர்கள் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். செத்த அந்நியனின் மூட்டையை வாரிசு வரும்வரை யாரிடம் ஒப்படைப்பார்களோ, அவர்களைத்தான் சங்கிலியில் பிணைத்தார்கள்.

1599இல் ஜூதர் மராகேஷ் திரும்பியபோது முப்பது ஒட்டகச்சுமை பொன் வந்தது என்று அங்கிருந்த ஆங்கில வணிகர் ஒருவர் எழுதினார். சேர்த்துவைத்த பொன்னைக் கொண்டுபோக முடிந்தது. வந்துகொண்டிருந்த பொன்னை முடியவில்லை. அடுத்த நூற்றாண்டில் திம்புக்துவில் இருந்து வரலாறு எழுதிய அல் சஅதி, படையெடுப்புக்குப் பின் பாதுகாப்பு போய் அச்சமும், செல்வம் போய் வறுமையும் வந்தன என்று புலம்புகிறார். இப்னு பதூதா பார்த்ததும் அவர் பார்த்ததும் ஒரே மண்.

*

இங்கே நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல அரசு கெட்ட படையிடம் தோற்ற கதையாக இது முடிந்திருக்கும். எனக்கும் அது வசதியாக இருந்திருக்கும். வழிப்பயம் இல்லாத நாடு என்று எழுதிய அதே இப்னு பதூதாவின் கடைசிப் பக்கங்கள் அப்படி முடிக்க விடவில்லை. 1353இல் தகத்தா என்ற ஊரிலிருந்து வடக்கே திரும்பும்போது அவர் சேர்ந்துகொண்ட வணிகச் சாத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தார்கள். அதைச் சாத்தின் பருமனைக் குறிக்கும் ஒரு விவரமாக, ஒட்டகம் எண்ணுவதுபோல் எழுதிவிட்டுப் போகிறார். அந்த வழி பத்திரமான வழிதான். சரக்கு சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்த அறுநூறு பேருக்கும் வழிப்பறி நடந்தது வழியில் அல்ல, புறப்பட்ட இடத்தில்.

தகாஸாவையும் அவர் பார்த்தார். வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டியவை, கூரை ஒட்டகத்தோல். மரமில்லை, மணல் மட்டும். குடிதண்ணீர் கரிக்கும். ஈக்கள் மொய்க்கும். அங்கே இருந்தவர்கள் மஸூஃபா குலத்தாரின் அடிமைகள் மட்டுமே. வடக்கிலிருந்து பேரீச்சையும் தெற்கிலிருந்து கம்புபோன்ற ஒரு தானியமும் வந்தால் சாப்பாடு. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய பயணி லியோ ஆப்பிரிக்கானுஸ், உணவு கொண்டுவரும் சாத்து தாமதமானால் குடிசையிலேயே செத்துக் கிடப்பார்கள் என்கிறார்.

தவுதெனியில் இன்றும் உப்பு வெட்டுகிறார்கள். ஒட்டகத்திலும் லாரியிலும் அது திம்புக்துவுக்கு வருகிறது. சுங்கம் வாங்கிய மூன்று பேரரசுகளும் போய்விட்டன. சுதந்திர மாலியின் ராணுவ அரசு அங்கே ஒரு சிறைக்கூடம் வைத்து, 1969 முதல் 1988 வரை அரசியல் கைதிகளை அடைத்தது.

தகாஸாவின் உப்பு வலாத்தாவில் என்ன விலை, தலைநகரில் என்ன விலை, கழுதைச்சுமைக்கு வரி எவ்வளவு என்பதெல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதை வெட்டிய அடிமைகளில் ஒருவர் பெயர்கூட அந்தப் பக்கங்களில் இல்லை.